நாலு பேருக்கு மூணு டேங்க்

மோட்டார் ஹோம் விளம்பரத்தில் கட்டாயம் ஓர் ஏரி இருக்கும். ஏரிக்கு முன்னால் வண்டி, வண்டிக்கு முன்னால் மடக்கு நாற்காலி, நாற்காலியில் காபிக் கோப்பையும் கையுமாக யாரோ ஒருவர் தூரத்து மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். காபியைப் போட்டது யார், கோப்பையைக் கழுவப் போவது யார், கழுவிய தண்ணீர் எங்கே போகும் என்பதெல்லாம் படத்தில் வராது. இந்தக் கட்டுரை அந்தத் தண்ணீரைப் பற்றியது. இன்னொரு சமாச்சாரமும் உண்டு. அது பின்னால் வரும். சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் அதற்குள் கை கழுவிவிடுவது நல்லது.

நாங்கள் நான்கு பேர். ஒரே கல்லூரி, ஒரே விடுதி, ஒரே மெஸ் பாக்கி. இப்போது ஒருவன் ஆடிட்டர். ஒருவன் பொதுப்பணித் துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவன். இன்னொருவன் அரசுப் பள்ளியில் வேதியியல் வாத்தியாராக இருந்தவன். ஓய்வுக்குப் பிறகும் யாராவது தப்பாக எதையாவது சொன்னால் கை தானாகச் சாக்பீஸைத் தேடும். நான் எழுதுகிறவன். எழுதுகிறவனுக்கு வேறு வேலை தெரியாது என்று மூவரும் ஒருமனதாக முடிவு செய்து, பாத்திரம் கழுவும் பொறுப்பை விமானம் ஏறுவதற்கு முன்பே எனக்கு ஒதுக்கிவிட்டார்கள்.

நியூசிலாந்தின் தென் தீவைத் தேர்ந்தெடுத்ததற்கு இயற்கை அழகு காரணமில்லை. அங்கேயும் சாலையின் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், ஆங்கிலத்தில் அச்சிட்ட நம் ஊர் லைசென்ஸே செல்லும் என்று ஆடிட்டர் கண்டுபிடித்தான். தனியாக லைசென்ஸ் செலவு இல்லை என்றதும் மலைகளும் ஏரிகளும் தானாகவே அழகாகிவிட்டன.

"நாலு ஆம்பளைங்க சேர்ந்து வீடு நடத்தப் போறீங்களா?" என்று என் மனைவி கேட்டாள்.

"வீடு இல்லம்மா, வண்டி."

அவள் பதில் சொல்லவில்லை. ஊறுகாய் பாட்டிலுக்கு இன்னொரு பிளாஸ்டிக் உறை போட்டாள்.

அந்த ஊறுகாயைப் பற்றி ஆடிட்டருக்குத்தான் பயம். நியூசிலாந்தில் உணவுப் பொருளைச் சொல்லாமல் கொண்டுபோனால் அந்த இடத்திலேயே 400 டாலர் அபராதம். ஆகவே கிறைஸ்ட்சர்ச் விமான நிலையத்தில் அவன் வருமான வரிக் கணக்கைவிட விரிவான ஒரு பட்டியலை நீட்டினான்: பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஆவக்காய், முறுக்கு இரண்டு வகை. அதிகாரி எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். மாட்டியது இன்ஜினியரின் ஷூ. வெள்ளியங்கிரி மலை ஏறியபோது ஒட்டிய மண் அப்படியே இருந்தது. அந்நிய மண்ணோடு விதையும் நோயும் வந்துவிடும் என்பது அவர்கள் கவலை. ஷூவை உள்ளே எடுத்துப்போய்க் கழுவிக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள். ஓர் அரசாங்க ஊழியர் இன்னொருவனின் ஷூவைக் கழுவித் தருவார் என்பதை, முப்பது வருஷம் அரசாங்க ஊழியனாக இருந்த இன்ஜினியரால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

வண்டியைக் கொடுக்கும் இடத்தில் ஓர் இளம்பெண் எல்லாவற்றையும் விளக்கினாள். ஏழு மீட்டர் நீளம், மூன்று மீட்டருக்கு மேல் உயரம். ஓடும்போது கேஸை மூட வேண்டும். இழுப்பறைகளைப் பூட்ட வேண்டும். பிறகு மூன்று டேங்க். முதலாவது நல்ல தண்ணீர். இதை நாம் நிரப்ப வேண்டும். இரண்டாவது, சமையல் தொட்டியிலும் குளியலறையிலும் இருந்து வரும் அழுக்குத் தண்ணீர். இதை நாம் காலி செய்ய வேண்டும். மூன்றாவது என்று சொல்லி, வண்டியின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவைத் திறந்தாள். உள்ளே பிடி வைத்த ஒரு பிளாஸ்டிக் பெட்டி. இருபது லிட்டர் பிடிக்கலாம். சிவப்பு விளக்கு எரிந்தால் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். இதையும் நாம்தான் என்றாள்.

நான்கு பேரும் ஒரே நேரத்தில் வண்டியின் டயரைப் பார்த்தோம்.

இதெல்லாம் அந்த ஊரில் விளையாட்டல்ல. முகாம் இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்தித் தூங்குவதற்கு 2011-இல் ஒரு சட்டம் போட்டார்கள். ரக்பி உலகக் கோப்பை பார்க்க வருகிற கூட்டம் ஏரிக்கரைகளை என்ன செய்யுமோ என்ற கவலை. 2023-இல் அதை இறுக்கி, அப்படித் தங்கும் வண்டியில் கழிப்பறை நிலையாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்றார்கள். மூன்று நாள் கழிவை வண்டியே சுமக்க வேண்டும். "நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டுலயே அது நிலையா இல்லையேடா" என்றான் ஆடிட்டர்.

முதல் ரவுண்டானாவிலேயே எங்கள் இல்லறம் தொடங்கிவிட்டது. பூட்டியதாக நினைத்த இழுப்பறைகள் அத்தனையும் திறந்துகொண்டன. கரண்டிகள் ஒரு பக்கம், தட்டுகள் ஒரு பக்கம், மாமியார் கொடுத்தனுப்பிய குக்கர் நடுவில் உருண்டு வந்து வாத்தியார் காலடியில் நின்றது. இந்த இடத்தில் ஒரு சரித்திரச் செய்தியைச் சொல்லியே ஆக வேண்டும். 1836 வாக்கில், வில்லியம் கொலென்ஸோ என்ற மிஷனரி நியூசிலாந்தின் வடக்கே மாவோரி மக்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைப் பார்த்தார். பாத்திரத்தின் மேல் ஏதோ எழுத்து. பிறகு பார்த்தால் அது தமிழ்; முகைதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி. எப்படி அங்கே போனது என்று இன்னும் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வெலிங்டனில் உள்ள தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அன்று தமிழன் மணி பாத்திரமாயிற்று. எங்கள் வண்டியில் தமிழன் பாத்திரம் மணியாகி, தென் தீவு முழுக்க ஒலித்தது.

ஓட்டியது இன்ஜினியர். வண்டி அவனுக்குப் பிரச்சினையில்லை, பாலங்கள்தான். தென் தீவில் ஒரே ஒரு வண்டி போகிற அகலத்தில் ஏராளமான பாலங்கள் உண்டு. நம் பக்கத்து அம்புக்குறி சின்னதாகச் சிவப்பில் இருந்தால் நாம் நின்று வழிவிட வேண்டும். நீலப் பலகையில் பெரிய வெள்ளை அம்பு என்றால் நமக்கு முதல் உரிமை. போலீஸ் இல்லை, கேமரா இல்லை, ஹாரன் இல்லை. எதிரே வருகிறவர் தூரத்திலேயே நின்று, நாம் கடந்ததும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கி மரியாதை செய்துவிட்டுப் போகிறார். "இன்னும் கொஞ்சம் அகலமா ஒரு எஸ்டிமேட் போட்டிருந்தா எத்தனை குடும்பம் பொழச்சிருக்கும்" என்று ஒவ்வொரு பாலத்திலும் அவன் பெருமூச்சு விட்டான்.

டெக்காப்போ ஏரி அந்த விளம்பரத்தில் இருப்பது போலவே இருக்கிறது, நாற்காலியில் உட்கார்ந்தவரைத் தவிர. பனியாறு அரைத்த பாறைத்தூள் நீரில் மிதப்பதால் அந்தப் பால்நீலம். கரையில் 1935-இல் கட்டிய சின்ன தேவாலயம். பக்கத்தில் ஒரு நாய்க்குச் சிலை. அந்தப் பகுதிக்கே மெக்கன்ஸி நாடு என்று பெயர். ஜேம்ஸ் மெக்கன்ஸி யார் தெரியுமா? 1855-இல் ஆயிரம் ஆடுகளைத் திருடியதாகப் பிடிபட்டவர். மறு வருஷமே மன்னித்து விட்டுவிட்டார்கள். ஆடு திருடியதாக மாட்டியவர் பெயரை ஒரு சமவெளிக்கே வைத்துவிட்டு, யாரும் அதற்காக வெட்கப்படுவதாகத் தெரியவில்லை. நம்மூரில் பெயர் வைத்த பிறகுதான் வழக்கு வரும்.

அங்கே வானம் இருளாக இருக்க வேண்டும் என்று தெருவிளக்குகளைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கிறார்கள். 2012-லிருந்து அது இருள்வானக் காப்பகம். நட்சத்திரம் பார்க்க வெளியே நின்ற நேரம் கொஞ்சம்தான். குளிர் ஒரு காரணம், படுக்கை இன்னொரு காரணம். இந்த வண்டியில் சாப்பாட்டு மேஜையை இறக்கி, மேலே மெத்தைத் துண்டுகளை அடுக்கினால் அதுவே கட்டில். ஆகவே கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரை முதல் ஆள் தூங்க முடியாது. கடைசி ஆள் எழுந்திருக்கும்வரை முதல் ஆளுக்குக் காபி கிடையாது. ஆடிட்டர் ஒரு பருக்கையை முப்பத்திரண்டு தடவை மென்று சாப்பிடுகிறவன். இன்ஜினியர் விடியற்காலை நாலு மணிக்கு எழுகிறவன். நாற்பது வருஷ நட்பில் தெரியாமல் இருந்த இந்த இரண்டு செய்திகளும் முதல் இரவிலேயே தெரிந்தன.

சமையல் வாத்தியாருடையது. கடுகு வெடித்துப் பெருங்காயம் விழுந்த மறுவிநாடி கூரையில் இருந்த புகை அலாரம் அலறியது. அன்றிலிருந்து தாளிப்பு என்பது மூன்று பேர் வேலை: ஒருவர் கரண்டி, ஒருவர் கூரை ஜன்னல், ஒருவர் சுற்றுலாக் கையேட்டால் விசிறி. சட்னிக்கு வேறு சிக்கல். வண்டியின் பேட்டரியில் விளக்கு எரியும், மிக்ஸி ஓடாது. மிக்ஸி ஓட வேண்டுமென்றால் மின் இணைப்பு உள்ள முகாமுக்குக் காசு கொடுத்துப் போக வேண்டும். முகாம் வாடகையை அன்று சுட்ட தோசை எண்ணிக்கையால் வகுத்து ஆடிட்டர் ஒரு தொகை சொன்னான். அதன் பிறகு பருப்புப் பொடிதான்.

இனி, மூன்றாவது டேங்க்.

லின்டிஸ் கணவாய் தாண்டிய ஓர் ஊரில் சிவப்பு விளக்கு எரிந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை, அதாவது எல்லோரும் பார்த்தோம். ஆடிட்டர் தன் முதுகுத்தண்டைப் பற்றி ஒரு பழைய எக்ஸ்ரேயை நினைவுகூர்ந்தான். இன்ஜினியர், ஓட்டுகிறவனுக்கு வேறு வேலை கொடுப்பது சாலைப் பாதுகாப்புக்கு விரோதம் என்றான். என் இரண்டு கையும் பாத்திரத் தொட்டியில் இருந்தன. அவை காலையிலிருந்தே அங்கேதான் இருந்தன. வாத்தியார் ஒன்றும் பேசாமல் ரப்பர் உறையை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

அவன் என்று எழுதத்தான் நினைத்தேன். இந்த இடத்தில் அவர் என்றே வருகிறது.

ஊருக்கு ஊர் அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது, சாலையில் பலகையும் உண்டு. பெட்டியை உருவி, மூடியைத் திறந்து, காற்று போகிற பொத்தானை அழுத்திக்கொண்டே கவிழ்க்க வேண்டும். அழுத்தாவிட்டால் தெறிக்கும், ஏன் தெறிக்கும் என்று வாத்தியார் அங்கேயே நின்று காற்றழுத்தப் பாடம் நடத்தினார். பிறகு அலசி, நீல மருந்து ஊற்றி, அது பாக்டீரியாவை என்ன செய்கிறது என்பதையும் சொன்னார். பக்கத்தில் வெள்ளைக்காரத் தாத்தா ஒருவர் அதே வேலையைச் சீட்டியடித்துக்கொண்டு செய்துகொண்டிருந்தார். நம் ஊரில் இந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாக யார் தலையில் கட்டினோம் என்பது எல்லோருக்கும் தெரியும். மனிதனை வைத்து மலம் அள்ளக் கூடாது என்று 2013-இலும் நாம் சட்டம் போட வேண்டியிருந்தது. அங்கே உபயோகித்தவனே தூக்கிப் போய்க் கொட்டிவிட்டு, கை கழுவிக்கொண்டு ஐஸ்கிரீம் வாங்குகிறான். நாங்களும் வாங்கினோம். வாத்தியாருக்கு இரண்டு.

மறுமுறை விளக்கு எரிந்தபோது ஆடிட்டர் சுழற்சி அட்டவணை ஒன்றைத் தயாரித்துக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினான். அதில் அவன் பெயருக்கு நேரே வந்த தேதி, வண்டியைத் திருப்பிக் கொடுத்த பிறகு வருவது.

மில்ஃபோர்டு சவுண்ட் என்ற கடல்நுழைவு பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்; படம் நிறைய வந்துவிட்டது. போகிற வழியில் ஹோமர் சுரங்கம், 1.2 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், 1954-இல் திறந்தது. அதன் வாசலில் கேயா என்ற மலைக்கிளிகள் காத்திருக்கும். பச்சைக் கிளி, வளைந்த மூக்கு, ரப்பர் என்றால் உயிர். வைப்பர் ரப்பரை ஒரு கிளி உரிக்க, இன்ஜினியர் இறங்கி விரட்டினான். அது நகர்ந்து, அவனையே பார்த்துக்கொண்டு, அடுத்த வைப்பருக்குப் போயிற்று. தீனி போடக் கூடாது என்று பலகை சொல்கிறது. கிளிக்குப் பலகை தேவைப்படவில்லை. கீழே இறங்கினால் மணல் ஈ. கொசுவில் பாதி அளவு, கடியில் இரண்டு மடங்கு. அதே கரையோரத்தில் தெற்கே, டஸ்கி சவுண்டில் 1773-இல் தங்கிய கேப்டன் குக்கே தன் நாட்குறிப்பில் புலம்பியிருக்கிறார். மில்ஃபோர்டில் ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. நாங்கள் போன அன்றும் அது கணக்கில் குறை வைக்கவில்லை. ஈர உடுப்போடு நான்கு பேர், கூரையெங்கும் கயிறு, கயிறெங்கும் பனியன்.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது பெட்டி காலியாக இல்லாவிட்டால் கட்டணம் உண்டு. ஆடிட்டர் முதல்முறையாகத் தானே அந்தக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். காலியாகத்தான் இருந்தது, கழுவியும் இருந்தது.

மோட்டார் ஹோமில் போக நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வரைபடத்தை அப்புறம் விரியுங்கள். யார் அந்தப் பெட்டியைத் தூக்குவார் என்று முதலில் கேளுங்கள். பதில் வராவிட்டால் லாட்ஜில் ரூம் போடுங்கள். ஏரி அங்கிருந்தும் தெரியும்.

இன்ஜினியர் அடுத்து டாஸ்மேனியா என்கிறான். அங்கேயும் இடப்பக்கம்தான். ஆடிட்டர் வாடகை விசாரித்துவிட்டான். வாத்தியார் வருவதாக இருந்தால் என் பெயரையும் சேர்த்துக்கொள் என்று சொல்லியிருக்கிறேன். மற்ற இருவரும் அதையேதான் சொல்கிறார்கள். வாத்தியார் இன்னும் பதில் சொல்லவில்லை.