இரத்தம் என்ன சொல்லும்?

கேள்வி: வாய்ப் புற்றுநோய் எப்படி முடியும் என்று இரத்தப் பரிசோதனை முன்கூட்டியே சொல்லுமா? (வாசகர், முள்ளியவளை)

பதில்: ஜாதகம் போல எல்லாம் சொல்லாது, துப்புக் கொடுக்கும்.

அந்தத் துப்பு சாதாரண எப்.பி.சி. (முழு இரத்த எண்ணிக்கை) அறிக்கையிலேயே இருக்கிறது. வெள்ளை அணுக்களில் நியூட்ரோபில் 72 சதவீதம், லிம்போசைட் 18 சதவீதம் என்றால், முதலாவதை இரண்டாவதால் வகுக்க 4 வரும். இந்த விகிதம் கூடியிருக்கும் தலை, கழுத்துப் புற்றுநோயாளர்கள் பிழைத்திருக்கும் காலம் பொதுவாகக் குறைவு என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. நியூட்ரோபில் பெருகுவது அழற்சியின் அடையாளம். லிம்போசைட்டோ கட்டியை எதிர்க்கும் படை. அல்புமின் என்ற இரத்தப் புரதமும் ஹீமோகுளோபினும் குறைவதும் நல்லதல்ல. ஆனால் பல்லில் சீழ் பிடித்தாலும், ஸ்டீரொயிட் குளிசை எடுத்தாலும் அதே விகிதம் எகிறும். அறிக்கையை வைத்து வீட்டில் கணக்குப் பார்த்து யாரும் மனமுடையத் தேவையில்லை.

நாசித்தொண்டைப் புற்றுநோயின் கதை வேறு. அதில் இரத்தத்தில் மிதக்கும் ஈ.பி.வி. (எப்ஸ்டீன்-பார்) வைரஸின் டி.என்.ஏ. நம்பகமான குறிகாட்டி. ஹொங்கொங்கில் டெனிஸ் லோ குழுவினர் 1999இல் அதை அளந்து காட்டினர்.

இலங்கை ஆண்களை அதிகம் தாக்கும் வாய்ப் புற்றுநோயில் முடிவைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை கட்டியின் ஆழமும், கழுத்து நெறிகளுக்குப் பரவியதா என்பதும்தான். புகையிலை இல்லாத வெற்றிலைபாக்கும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை 2004இல் அறிவித்துவிட்டது.

ஆகவே இரத்த அறிக்கைக்குக் காத்திராமல், வயலில் வெற்றிலை போடும் அப்பு, ஆச்சியின் வாயை வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைத் திட்டோ, இரண்டு கிழமையில் ஆறாத புண்ணோ இருந்தால் உடனே பல் வைத்தியரிடம் கூட்டிப்போங்கள்.