முந்திரித் திணையில் மோதலும் காதலும்: ஓர் ஆய்வு

தொல்காப்பியர் நெய்வேலிப் பக்கத்து முத்தாண்டிக்குப்பத்துக்கு வந்ததில்லை. வந்திருந்தால் திணைகள் ஐந்தோடு நின்றிருக்கா. மலை இல்லாததால் இது குறிஞ்சி ஆகாது. கடல் கிழக்கே தள்ளிக் கிடப்பதால் நெய்தலும் ஆகாது. செம்மண்ணில் எங்கு பார்த்தாலும் முந்திரி, இடையிடையே பலா. முந்திரியோ 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம்; பழைய இலக்கணத்தில் அதற்கு இடம் கிடைக்க வழியில்லை. ஆகவே ‘முந்திரித் திணை’ என்ற ஒன்றை இங்கே முன்மொழிகிறேன். முதற்பொருள்: செம்மண்ணும் சித்திரை வெயிலும். கருப்பொருள்: முந்திரி, பலா, கொட்டை உடைத்தல், தொலைவில் நெய்வேலி அனல்மின் நிலையப் புகை. உரிப்பொருள்: முறைத்துக்கொண்டே இருந்துவிட்டுக் கடைசியில் கல்யாணம் செய்துகொள்ளும் இருவரைப் பற்றிய நாவலை வாசித்தல்.

இவ்வாசிப்புக்குப் பொழுதும் உண்டு. முந்திரி ஓட்டு எண்ணெய் பட்டால் தோல் வெந்து உரியும். கொட்டை உடைக்கும் கையால் பக்கம் புரட்ட முடியாது. எனவே சிறுபொழுது, கை கழுவி உலை வைத்த பின் என்று கொள்க.

ஆய்வுச் சிக்கல் இதுதான். யார் யாரைக் கட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்பதை அட்டைப்படமே சொல்லிவிடுகிறது. ரமணிச்சந்திரன் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். முடிவைப் பற்றிக் கவலைப்பட்டு அவரைத் திறந்த வாசகர் யாரும் இருக்க முடியாது. இருந்தும் வாடகை நூலகப் பிரதிகள் முதுகு கிழிந்து, நூல் போட்டுத் தைக்கப்பட்டு, மறுபடி கிழிந்தன. இப்போது அதே கதை செல்போனில் தவணை தவணையாக வருகிறது. 2014-ல் பெங்களூரில் பிறந்த பிரதிலிபி போன்ற செயலிகளில் வாசகர்கள் “அடுத்த யூடி எப்போ?” என்று அடுத்த தவணை கேட்டு எழுத்தாளரை விரட்டுகிறார்கள். முடிவு தெரிந்த கதைக்கு ஏன் இவ்வளவு அவசரம்?

நாயகனின் பணம்தான் காரணம் என்பார் ஒரு சாரார். அவன் எப்போதும் எம்.டி.; இரவு ஷிப்டு முடித்துத் தலையில் சாம்பலோடு வீடு திரும்பும் நாயகனை எந்த அட்டையிலும் நான் கண்டதில்லை. இக்கொள்கை பாதிதான் சரி. பணக்காரர்களைப் பற்றிய கதை வேண்டுமென்றால் ஆண்டறிக்கை படிக்கலாம், யாரும் படிப்பதில்லை.

ஒவ்வோர் ஆண்டும் நெய்வேலியில் நடக்கும் புத்தகக் கண்காட்சி நல்ல ஆய்வுக்களம். வாங்கியவர் கையில் புத்தகங்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறையைக் கவனியுங்கள். மேலே திருக்குறள் தெளிவுரை, அடியில் குப்புறப் படுத்த நிலையில் இரண்டு குடும்ப நாவல். மேலே இருப்பது கௌரவத்துக்கு என்று நினைப்பீர்கள். ஆனால் கடவுள் வாழ்த்தில் தொடங்கிய வள்ளுவர் 133-ஆம் அதிகாரத்தில் கொண்டுபோய் முடித்தது ஊடலுவகையில். அதற்கு முந்தைய ‘புலவி நுணுக்க’த்தில் கணவன் தும்முகிறான். வாழ்த்திய மனைவி உடனே, எவள் நினைத்ததால் தும்மினீர் என்று அழுகிறாள். அடுத்த தும்மலை அவன் அடக்குகிறான். உம்மவர் நினைப்பதை என்னிடம் மறைக்கிறீரா என்று அதற்கும் அழுகிறாள். இந்த ஒரு மூக்கை வைத்தே இன்றைக்கு முப்பது யூடி எழுதுவார்கள். ஆக, அந்த அடுக்கில் மூன்றும் ஒரே இனத்துப் புத்தகங்கள்தாம்.

வெளிநாட்டுச் சான்றும் ஒன்று தருவது ஆய்வு மரபு. 1813-ல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில் டார்சி, நடன விருந்தில் எலிசபெத்தின் காதில் விழும்படியே அவளை மட்டமாகப் பேசுகிறான். அங்கே பிடித்த கோபம் ஆறப் புத்தகம் முழுதும் தேவைப்படுகிறது. நம் நாவல்களில் நடனத்துக்குப் பதில் லிஃப்ட் அல்லது நேர்முகத் தேர்வு. மற்றபடி சூத்திரம் மாறவில்லை: ஒரே ஒரு கேள்வி கேட்டால் தீர்ந்துவிடும் தப்பர்த்தத்தை, யாரும் கேட்காமலே கடைசி அத்தியாயம் வரை கொண்டுபோக வேண்டும்.

இந்தக் ‘கேளாமை’தான் என் கண்டுபிடிப்பு. முத்தாண்டிக்குப்பத்தில் கேளாமை என்பதே கிடையாது. பண்ருட்டி பஸ்ஸுக்கு நிற்கும் பெண்ணிடம் “எங்கம்மா, தனியாவா?” என்று கேட்காமல் பஸ் வராது. நெய்வேலி நகரியத்திலும் இதே கதை. எந்த வட்டம், எந்த வகைக் குவார்ட்டர்ஸ் என்று சொன்னாலே உங்கள் பதவியும் சம்பளமும் தெரிந்துவிடும். இப்படிக் கேட்டறிந்து ஊர் காதலர்களைப் பற்றிப் பேசுவதைச் சங்கப் புலவர்கள் அலர் என்றார்கள். அலர் காதலுக்கு எருவாகிறது என்ற கருத்துக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கினார். அவர் சொன்னது பழுதில்லை: ஊர் பேசத் தொடங்கினால் ஒன்று கல்யாணம், இல்லையேல் ரகளை, இரண்டுமே வாரத்துக்குள். தப்பர்த்தம் வளர அவகாசமே இல்லை.

நாவலில் ஊர் இல்லை. நாயகனின் பெற்றோர் வெளிநாட்டில், அல்லது சுவரில் மாலை போட்ட படத்தில். நாயகிக்கு ஒரு தோழி. அவளும் ரகசியம் காப்பவள், இது நம்பக்கூடியதா? எஸ்டேட் பங்களாவில் சமையல்காரம்மா கூட எதுவும் கேட்பதில்லை. இருவர் தங்கள் சண்டையைத் தாங்களே போட்டு, தாங்களே தீர்த்துக்கொள்ள நூற்றைம்பது பக்கம் தனிமை தரப்படுகிறது. பணத்தை விடப் பெரிய ஆடம்பரம் இது. பெரியம்மாவின் இரண்டு பார்வைகளுக்கு நடுவே கை கழுவி உட்கார்ந்து படிப்பவளுக்கு இந்தத் தனிமைதான் ருசி. காதல் கொசுறு.

இந்த முடிவை மறுப்பவர்கள் செய்து பார்க்க ஒரு சோதனை சொல்கிறேன். முத்தாண்டிக்குப்பத்திலேயே நடக்கும் ஒரு மோதல்–காதல் நாவல் எழுதுங்கள். இரண்டாம் பக்கத்தில் அவன் அவளிடம் சிடுசிடுப்பான். மூன்றாம் பக்கத்தில் அது டீக்கடைக்குத் தெரியும். ஐந்தில் அவன் அத்தை அவள் வீட்டுத் திண்ணையில் இருப்பார். ஒன்பதாம் பக்கத்தில் பத்திரிகை அச்சாகிவிடும். பதிப்பாளர்கள் விலையை அதற்கேற்பக் குறைத்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.