வள்ளல்கள் ஊரில் ஒரு பூட்டு

கல்விக்கு அள்ளிக் கொடுப்பது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. கோட்டையூர் அழகப்பச் செட்டியார் 1947-ல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மின்வேதியியல் ஆய்வகம் இங்கே வரட்டும் என்று 300 ஏக்கர் நிலத்தையும் 15 லட்சம் ரூபாயையும் தூக்கிக் கொடுத்தார். கடைசியில் குடியிருந்த வீட்டையும் பெண்கள் கல்லூரிக்கென்று கொடுத்துவிட்டார். கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தையே எழுப்பினார். அந்த வரிசையில் 2020, 2021-ல் புதிய வள்ளல்கள் வந்து சேர்ந்தார்கள். இவர்கள் நிலம் கொடுக்கவில்லை, பணம் கொடுக்கவில்லை, பாஸ் கொடுத்தார்கள். கேட்டவனுக்கும் பாஸ், கேட்காதவனுக்கும் பாஸ். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரிகூட, கொடி வாடுகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் கொடுத்தான்.

நான் இங்கே ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். வேறொரு தனியார் பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா. அதனால் அந்தக் காலத்தில் இரண்டு பக்கமும் திட்டு வாங்கும் தகுதி எனக்கு முழுதாக இருந்தது.

கொரோனாவே பொய் என்று பேசும் கூட்டத்தில் என்னைச் சேர்க்க வேண்டாம். 2021 மே மாதம் ஆக்சிஜன் படுக்கைக்கு ஜனங்கள் அலைந்ததைப் பார்த்தவள் நான். அந்த மாதம் பள்ளியைப் பூட்டியதற்குக் கோபப்பட எவருக்கும் வாய் வராது. எனக்கு வயிறு எரிவது நடுவில் கிடந்த மாதங்களை நினைத்துத்தான். ஊரில் எல்லாக் கதவும் திறந்திருந்தது, பள்ளிக்கூடக் கதவு மட்டும் பூட்டிக் கிடந்தது.

டாஸ்மாக் கடைகள் 2020 மே 7-ம் தேதியே திறந்துவிட்டன. முதல் நாள் வசூல் 170 கோடியைத் தாண்டியது. உயர் நீதிமன்றம் மூடச் சொன்னதும் உச்ச நீதிமன்றத்துக்கு ஓடி, ஒரே வாரத்தில் தடை வாங்கி, மே 16-ல் மறுபடி திறந்தார்கள். பள்ளிக்காக இப்படி டெல்லிக்கு ஓடிய ஒரு கோப்பைக் காட்டுங்கள், நான் வேலையை விட்டுவிடுகிறேன். நவம்பர் 9-ம் தேதி பள்ளிகளில் கூட்டம் போட்டு, திறக்கலாமா வேண்டாமா என்று பெற்றோரிடம் கருத்துக் கேட்டார்கள். என்ன ஒரு ஜனநாயகம்! மறுநாள் 10-ம் தேதி தியேட்டர்கள் திறந்தன. அதற்கு யாரிடம் கருத்துக் கேட்டார்கள்? டாஸ்மாக்கைத் திறக்குமுன் வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் போட்டார்களா? போட்டிருந்தால் அந்தத் தீர்மானத்தை எழுத நானே பேனா கொண்டுபோயிருப்பேன். 16-ம் தேதி திறப்பதாக இருந்த பள்ளி கருத்துக் கேட்டதோடு நின்றது. 2021 ஜனவரி 4-ல் தியேட்டரில் எல்லா சீட்டையும் நிரப்பிக்கொள்ளலாம் என்று அரசாணையே போட்டார்கள். மத்திய அரசு கடிதம் எழுதிய பிறகுதான் அதை வாபஸ் வாங்கினார்கள். ஏப்ரல் 6 தேர்தலுக்கு நடந்த பிரசாரத்தில் எந்தக் கட்சியாவது ஆளுக்கு ஆறடி இடைவெளி விட்டுக் கூட்டம் சேர்த்ததா? அந்தக் கூட்டங்களுக்கெல்லாம் இடம் இருந்தது. ஒன்றாம் வகுப்புக் குழந்தை தன் பெஞ்சில் வந்து உட்கார்ந்தது 2021 நவம்பர் 1-ல். நடுவே ஆட்சியே மாறிவிட்டது, பூட்டு மாறவில்லை.

ஆனால் கல்லூரிப் பிள்ளைகள் பாக்கியசாலிகள். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தினமும் 2 ஜிபி டேட்டா இலவசம் என்று அறிவித்தார்கள். பள்ளிப் பிள்ளைக்கு ஏன் இல்லை என்று சக டீச்சர் ஒருத்தி அப்பாவியாகக் கேட்டாள். "அவங்களுக்குப் பதினெட்டு வயசு ஆயிருச்சு டீச்சர்" என்றார் எங்கள் அட்டெண்டர். அரசியல் விஞ்ஞானம் படிக்காதவர்.

இடமில்லை, காற்றோட்டமில்லை, இடைவெளி விட்டு உட்கார வைக்க முடியாது என்றார்கள். செட்டிநாட்டில் நின்றுகொண்டு இதைச் சொல்ல நல்ல துணிச்சல் வேண்டும். ஒரு தெருவில் நுழைந்து அடுத்த தெருவில் வெளியேறும் வீடுகள், முகப்பு, வளவு, பட்டாலை, நடுவே வானம் பார்த்த முற்றம், ஆத்தங்குடித் தரை. வெயிலும் காற்றும் போக வரவே கட்டிய வீடுகள். வருஷத்தில் ஒரு கல்யாணத்துக்கும் படைப்புக்கும் திறந்து, மற்ற நாளெல்லாம் பூட்டியிருப்பவை எத்தனையோ. ஒரு வளவில் இருபது பிள்ளைகளைக் கை நீட்டினாலும் ஒருவரை ஒருவர் தொடாதபடி உட்காரவைக்கலாம். 2020 செப்டம்பரிலிருந்து சினிமா படப்பிடிப்புக்கு 75 பேர் வரை அனுமதி கிடைத்தது. நாயகியின் கல்யாணக் காட்சிக்கு எத்தனை பேர் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்து அரசாணை எழுதியவர்களுக்கு, நான்காம் வகுப்புக் கணக்குப் பாடத்துக்கு எத்தனை பேர் வேண்டும் என்று எண்ணத் தெரியவில்லை. டிவி சீரியல்களும் முன்னமே வந்துவிட்டன. அப்பத்தா பார்க்கும் சீரியலில் மருமகளும் மாமியாரும் சண்டை போட வந்த பிறகு, பாடம் நடத்தும் கல்விச் சேனலை யார் வைக்கவிடுவார்கள்? வீட்டில் டிவி ஒன்றுதானே.

எங்கள் பள்ளியில் எனக்கு இரண்டு வேலை. காலையில் பாடம். அது முடிந்ததும் ஆபீசிலிருந்து ஒரு பட்டியல் வரும். ஃபீஸ் கட்டாதவர்களுக்குப் போன் போட வேண்டும். ஆகஸ்டுக்குள் 40 சதவீதம், பள்ளி திறந்த பிறகு 35 சதவீதம் என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஆபீஸ் கணக்கில் அந்த எண்கள் வேறு வரிசையில் இருந்தன. "மிஸ், அவரு சிங்கப்பூர்லேருந்து திரும்பிட்டாரு, இங்க இன்னும் ஒண்ணும் அமையல" என்று ஒரு தாய் சொல்வார். நான் 'டிசம்பர்' என்று எழுதிக்கொள்வேன். அடுத்த வீட்டில், "பாடமே போன்ல, போனும் எங்களுது, நெட்டும் எங்களுது, உங்களுக்கு எதுக்கு ஃபீஸு?" என்பார்கள். நியாயமான கேள்வி. பாதிச் சம்பளம் வாங்கிக்கொண்டு முழுக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் என் போன் அடிக்கும். என் பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலிருந்து ஒரு டீச்சர்.

"மேடம், ரெண்டு பேருக்கும் பெண்டிங் இருக்கு. திங்கக்கிழமையிலேருந்து லிங்க் அனுப்ப வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

"நானும் டீச்சர்தான் மேடம். பாதிச் சம்பளம்."

"தெரியுது மேடம். எனக்கும் பாதிதான்."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "டிசம்பர்னு எழுதிக்கட்டுங்களா மேடம்?"

புதுவயலிலிருந்து ஒரு ஆறாம் வகுப்புப் பையன். அப்பா அரிசி ஆலைக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். வீட்டில் ஒரே போன். அது காலை ஏழு மணிக்கு லோடோடு கிளம்பிப் போய் இரவு ஒன்பதுக்குத்தான் திரும்பும். பத்து மணிக்கு மேல் வாட்ஸ்ஆப்பில் அவன் வீட்டுப்பாடம் வரும். பாதிப் பக்கத்தை அவன் கட்டைவிரலே மறைத்திருக்கும். ஒருநாள் வீட்டுப்பாடத்துக்குப் பதில் அப்பாவின் லோடு சீட்டுப் படம் தவறி வந்துவிட்டது. நாற்பது மூட்டை, ஏற்றுகூலி, இறக்குகூலி, அட்வான்ஸ் போக பாக்கி. கணக்கு சுத்தமாக இருந்தது. 'வெரி குட்' போட்டேன். சில மாதத்தில் போனோடு பையனும் லோடுக்குப் போக ஆரம்பித்தான். வருடக் கடைசியில் தேர்ச்சிப் பட்டியலை என் கையெழுத்தில்தான் எழுதினேன். அதில் அவன் ஏழாம் வகுப்புக்குப் போயிருந்தான். உண்மையில் அவன் தேவகோட்டைக்குப் போயிருந்தான், மூட்டை இறக்க.

கீழடி எங்கள் சிவகங்கை மாவட்டம்தான். 2600 வருஷத்துக்கு முன்பே எங்கள் ஊர்ச் சாதாரண மனிதன் பானையில் தன் பெயரைக் கீறி வைத்தான் என்று மேடைக்கு மேடை முழங்குகிறோம். முழங்க வேண்டியதுதான். அங்கே 2020 பிப்ரவரியில் தொடங்கிய ஆறாம் கட்ட அகழாய்வு ஊரடங்கில் நின்றது, மே மாதமே மறுபடி தொடங்கிவிட்டது. செத்துப்போனவனுக்கு எழுதத் தெரியுமா என்று பார்க்க இரண்டு மாதம் பொறுக்க முடியவில்லை. உயிரோடு இருப்பவன் 19 மாதம் காத்திருந்தான். 2022-ல் ஏசர் (ASER) என்ற கல்வி ஆய்வுக்காரர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இரண்டாம் வகுப்புப் பாடத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. கொரோனாவுக்கு முன்பும் அது பத்துப் பேர்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எல்லாப் பழியையும் கிருமி தலையில் கட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்வோம்.

அத்தனை நாள் இழந்ததைச் சரிக்கட்ட 2021 அக்டோபர் 27-ல் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கினார்கள். நல்ல திட்டம். சாயங்காலம் திண்ணையிலும் கோயில் வாசலிலும் பிள்ளைகளை உட்காரவைத்து 'அ' போட்டுக் காட்டியவர்கள் பெரும்பாலும் அந்தந்தத் தெருப் பெண்கள். மாதம் 1000 ரூபாய், நாளுக்கு முப்பத்து மூன்று ரூபாய். அரசுகளும் வல்லுநர் குழுக்களும் சேர்ந்து உண்டாக்கிய ஓட்டையை அந்தப் பெண்கள் முப்பத்து மூன்று ரூபாயில் அடைத்துக்கொண்டிருந்தார்கள். அழகப்பருக்கு அடுத்து இந்த ஊரில் சிலை வைப்பதென்றால் அவர்களுக்குத்தான் வைக்க வேண்டும். வைக்க மாட்டார்கள், அவர்கள் பெயரில் நிலம் இல்லை.

2020 மார்ச்சில் இரண்டாம் வகுப்பில் இருந்த பிள்ளைக்கு 2028-ல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. அன்று ரிசல்ட் சரிந்தால் எங்கள் ஊரில் என்ன நடக்கும் என்று தெரியும். கம்பன் கழகம் 1939-லேயே தொடங்கிய ஊர், பேச ஆளுக்கா பஞ்சம்? பட்டிமன்றம் போடுவார்கள். "பிள்ளைகள் கெட்டதற்குப் பெரிதும் காரணம் பெற்றோரா, ஆசிரியரா?" ஒரு அணி செல்போனைப் பிடுங்காத தாயைப் பிடிக்கும். இன்னொரு அணி சம்பளம் வாங்கித் தூங்கிய டீச்சரைப் பிடிக்கும். ஜனங்கள் கைதட்டுவார்கள்.

அமைப்பாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். எனக்குச் சொல்லி அனுப்புங்கள், இரண்டு அணியிலும் நானே பேசிவிடுகிறேன், ஒரு ஆள் செலவு மிச்சம். அந்தப் பணத்தில் மூன்றாவதாக ஒரு அணி போடுங்கள். முன்வரிசையில் சால்வையோடு உட்கார்ந்திருப்பவர்களை மேடைக்குக் கூப்பிட்டு, 2020 நவம்பர் 9-க்கும் 10-க்கும் நடுவே இருந்த அந்த ஒரு ராத்திரியில் என்ன நடந்தது என்று மைக்கில் சொல்லச் சொல்லுங்கள்.