ஜெயிக்காத கோச்சும் கோபப்படாத ஜனங்களும்

நாட்டிங்காம் என்றதும் ராபின் ஹூட் ஞாபகம் வரும். இருப்பவனிடம் பிடுங்கி இல்லாதவனுக்குக் கொடுத்த மகராசன். 2019-ல் அந்த ஊர் கிரிக்கெட் டீமும் தானதர்மத்தில் இறங்கியது. ஒரே வித்தியாசம், யாரிடமும் பிடுங்காமல் கைப்பொருளையே வாரி வழங்கியது.

இங்கிலாந்தின் நான்கு நாள் போட்டியான கவுன்ட்டி சாம்பியன்ஷிப்பில் 14 ஆட்டம். தோல்வி 10, டிரா 4. வெற்றியா? கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் தேடினாலும் கிடைக்காது. கடைசி இடம், இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கம். இத்தனைக்கும் டீமில் ஸ்டூவர்ட் பிராட் உண்டு. நம்ம மாம்பலத்து அஸ்வின் வேறு போய், ஐந்தே ஆட்டத்தில் 34 விக்கெட்டும் 339 ரன்னும் எடுத்துக் கொடுத்தார். பாவம் மனுஷன், மேட்ச்சைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடவா முடியும்?

இந்தத் திருப்பணிக்குத் தலைமை தாங்கியவர் கோச் பீட்டர் மூர்ஸ். லேசான ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். 1839-ல் பிறந்த சசெக்ஸ் க்ளப்புக்கு 2003-ல் முதல் கவுன்ட்டி சாம்பியன்ஷிப்பை வாங்கிக் கொடுத்தவர். அதில் முஷ்டாக் அகமது எடுத்த 103 விக்கெட்டுக்கும் சின்னப் பங்கு இருக்கலாம் என்று சில விஷமிகள் சொல்வார்கள். நாம் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

அடுத்து லங்காஷயர். 1934-க்குப் பிறகு யாரோடும் பங்கு போடாமல் பட்டம் வாங்கியதே இல்லை என்று 77 வருஷமாக ஏங்கிய க்ளப். 2011-ல் மூர்ஸ் வாங்கிக் கொடுத்தார். ஊரே கொண்டாடியது. மாலை வாடுவதற்குள், 2012-ல், அதே கோச், அதே லங்காஷயர், இரண்டாம் டிவிஷனுக்கு மூட்டை கட்டியது. நம் ஐபிஎல் முதலாளிகளாக இருந்தால் பஸ்ஸை வழியிலேயே நிறுத்தி இறக்கிவிட்டிருப்பார்கள். லங்காஷயர் பொறுத்தது. 2013-ல் மேலே வந்தது.

பொறுமை இல்லாத ஒரே முதலாளி இங்கிலாந்துதான். இரண்டு முறை வேலைக்கு எடுத்து, இரண்டு முறை அனுப்பியது. 2009-ல் கோச்சுக்கும் கேப்டன் பீட்டர்சனுக்கும் ஆகவில்லை. மாமியார் மருமகள் சண்டையில் யார் பக்கம் நிற்பது என்று தெரியாத குடும்பத் தலைவர் மாதிரி, போர்டு ஒரே நாளில் இருவர் பதவிக்கும் முடிவு கட்டியது.

இரண்டாவது முறை இன்னும் விசேஷம். 2015 உலகக் கோப்பையில் வங்கதேசத்திடம் தோற்று வெளியேறிய கையோடு மூர்ஸ் பேட்டி கொடுத்தார். ‘லேட்டர்’ பார்க்கலாம் என்றாராம். கேட்டவர் காதில் ‘டேட்டா’ பார்க்கலாம் என்று விழுந்தது. அவ்வளவுதான், அறிவுஜீவி லேப்டாப் வாத்தியார் என்று முத்திரை குத்திவிட்டார்கள். ஒரு எழுத்துப் பிசகு, அது தட்டச்சுக்காரர் தப்புகூட இல்லை, காதின் தப்பு. இரண்டு மாதத்தில் வேலை போனது.

அப்படி வந்து சேர்ந்தவரைத்தான் நாட்டிங்காம் வைத்துக்கொண்டது. 2017-ல் தலைமை கோச்சானதும் முதல் சீசனிலேயே இரண்டு கோப்பையும் மேல் டிவிஷனும் கொடுத்தார். பிறகு ஆரம்பித்தது பஞ்சம். 2018 ஜூனுக்கும் 2021 மே மாதத்துக்கும் நடுவே நான்கு நாள் ஆட்டங்களில் தொடர்ந்து 30-ல் வெற்றியே கிடையாது. அதற்கு நடுவில் 2020-ல் டி20 சாம்பியன்! கணக்கில் நூறு வாங்கி, கூட்டலில் மட்டும் ஃபெயிலாகும் பிள்ளை.

ரசிகர்கள் ஏன் கொடும்பாவி கொளுத்தவில்லை? கவுன்ட்டி ரசிகரை நீங்கள் பார்த்ததில்லை போலிருக்கிறது. நம் டிசம்பர் சபா மாமாவின் ஆங்கிலேய ஒன்றுவிட்ட சகோதரர் அவர். திங்கட்கிழமை காலையில் ஃபிளாஸ்க்கில் டீ, டப்பாவில் சாண்ட்விச், மடியில் குறுக்கெழுத்துப் போட்டி. தோடி சரியில்லை என்று வருஷாவருஷம் முணுமுணுப்பார். சீசன் டிக்கெட்டை மட்டும் விடமாட்டார். விக்கெட் விழுந்தால் நிமிர்ந்து பார்ப்பார், யாருடைய விக்கெட் என்பது இரண்டாம் பட்சம். இதை விசுவாசம் என்பதா, அசமந்தம் என்பதா? எனக்கென்னவோ கேன்டீன்தான் காரணம் என்று படுகிறது.

இந்தப் பொறுமை ஊர்க்காற்றில் இருப்பதாகவும் சொல்ல வழியில்லை. கிரிக்கெட் டீமின் டிரெண்ட் பிரிட்ஜ் மைதானத்திலிருந்து சில நிமிட நடையில் நாட்டிங்காம் ஃபாரஸ்ட் கால்பந்து க்ளப். கிரிக்கெட்காரர்கள் தோற்றுக்கொண்டிருந்த அதே 2019-ல், ஜனவரியில் ஒரு மேனேஜர் கிளம்பினார், இன்னொருவர் வந்தார். ஜூன் 28-ல் அவரையும் அனுப்பிவிட்டு அன்றைக்கே மூன்றாமவரை உட்காரவைத்தார்கள். நாற்காலி ஆறுவதற்குக்கூட அவகாசம் தரவில்லை.

மூர்ஸ் 2022-ல் டீமை மறுபடி மேலே ஏற்றினார். 2025 செப்டம்பரில் சாம்பியன்ஷிப்பே நாட்டிங்காம்ஷயருக்கு வந்தது. மூன்று வெவ்வேறு கவுன்ட்டிகளுக்குப் பட்டம் வாங்கித் தந்த முதல் கோச் அவர்தான்.

அதே செப்டம்பரில் ஃபாரஸ்ட் க்ளப்புக்கு ஆஞ்ச் போஸ்டகோக்ளூ என்றொரு புது மேனேஜர் வந்தார். எட்டு ஆட்டம், வெற்றி இல்லை. 39-வது நாள், கடைசித் தோல்வியின் விசில் ஊதி இருபது நிமிஷத்துக்குள் வேலை காலி. நம் ஃபிளாஸ்க் பெரியவர் அந்த நேரத்தில் குறுக்கெழுத்தின் முதல் கட்டத்தைக்கூட நிரப்பியிருக்க மாட்டார்.