ஷெட்டுக்காரர்

எங்கள் தெரு அண்ணனிடம் "கார் எப்படிங்க ஓடுது?" என்று கேட்டால், "ம்… ஓடுதுங்க" என்று முடித்துக்கொள்வார். "ஷெட்டு எப்படிங்க இருக்குது?" என்று கேட்டுப் பாருங்கள். காபி வரும், வறுத்த நிலக்கடலை வரும், ஒன்றரை மணி நேரத்துக்கு நீங்கள் வெளியே வர முடியாது.

கோயமுத்தூரில் இந்த இனம் கொஞ்சம் அதிகம். மண்வாகு அப்படி. ஜி.டி.நாயுடுவின் ஊர். பழைய கார்களுக்கென்றே அவினாசி ரோட்டில் ஒரு மியூசியம் இருக்கிறது. மாருதி இன்ஜினை வைத்து ரேஸ் கார் கட்டிய கரிவரதன் பெயரில் செட்டிபாளையத்தில் ஒரு ரேஸ் டிராக் இருக்கிறது. ஆகவே இங்கே லேத்துப் பட்டறை வைத்திருக்கும் ஒவ்வொருவர் மனசுக்குள்ளும் ஒரு ரேஸ் கார் ஓடிக்கொண்டிருக்கும். வெளியே ஓடுவது டிவிஎஸ் எக்ஸெல்.

2005-ல் கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயன் அமெரிக்காவில் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் நாலாவதாக வந்ததை, அண்ணன் நேற்று நடந்ததுபோலச் சொல்வார். டயர் தகராறில் 14 கார்கள் ஒதுங்கிக்கொள்ள, அன்றைக்கு ஓடியதே ஆறு கார்கள்தான் என்று ஒருமுறை வாயை விட்டுவிட்டேன். "அந்த ஆறுல உங்கூர்க்காரர் யாராச்சும் இருந்தாங்களா?" என்றார். நான் தஞ்சாவூர்க்காரன். வாயை மூடிக்கொண்டேன்.

அண்ணனுக்கு வயது ஐம்பத்தாறு. பம்புசெட்டுக்கு உதிரிபாகம் கடைகிற பட்டறை. மகள் கல்யாணம் முடிந்தது, பேங்க் லோன் முடிந்தது, சர்க்கரை ஆரம்பித்தது. இந்த மூன்றும் ஒரே வருஷத்தில் கூடிவரும் ஆண்களைத் தனியே விடக்கூடாது. விட்டுவிட்டார்கள். செகண்ட் ஹேண்டில் ஒரு மஞ்சள் மஸ்டாங் வந்து இறங்கியது. 2016-ல் அந்தக் கார் முதன்முதலாக இங்கே விற்பனைக்கு வந்தபோது விலை 65 லட்சம். அண்ணன் என்ன விலைக்கு வாங்கினார் என்பது அவருக்கும் ஆடிட்டருக்கும் தெரியும். அவர் மனைவி, எங்கள் அக்காவுக்குச் சொன்ன கணக்கு வேறு.

"போர்டிகோவிலேயே நிறுத்தலாமே அண்ணா" என்றேன். பச்சைக் குழந்தையைத் திண்ணையில் படுக்கவைக்கச் சொன்னதுபோல் என்னைப் பார்த்தார்.

அன்றைக்கு ஆரம்பித்தது கட்டட வேலை. வண்டி நிறுத்த வாயு மூலைதான் உத்தமம் என்றார் வாஸ்துக்காரர். வாயு மூலையில் செப்டிக் டேங்க் இருந்தது. அதற்கும் வாயு மூலைதான் உத்தமம் என்று முப்பது வருஷத்துக்கு முன்னால் சொன்னவரும் ஒரு வாஸ்துக்காரர்தான். கடைசியில் கிழக்குப் பக்கச் சந்து பலியானது. துவைக்கிற கல் மொட்டைமாடிக்குப் போனது. கறிவேப்பிலை மரம் ஒரே நாளில் சாய்ந்தது. அந்த வீட்டு ரசத்தில் அன்றிலிருந்து ஒரு கோபம் இருக்கிறது.

ஒரு காருக்கு இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம் போதும் என்கிறது கட்டட விதி. அண்ணன் டேப்பை இழுத்துப் பிடித்துச் சிரித்தார். கண்ணாடிகளை விரித்தால் காரின் அகலமே இரண்டு மீட்டரைத் தாண்டுகிறது. இரண்டே கதவுள்ள வண்டி என்பதால் கதவு ஒவ்வொன்றும் நாலு கதவு வண்டியுடையதைவிட நீளம். விதிப்படி கட்டினால் கார் உள்ளே போகும், அண்ணன் வெளியே வர மாட்டார். ஆகவே பதினாலுக்கு இருபத்திரண்டு அடி என்று முடிவானது. என் பையன் படுக்கும் ரூம் பத்துக்குப் பத்து. அவன் இந்த விஷயத்தை இன்னும் மறக்கவில்லை.

இதெல்லாம் சாதாரணம். உண்மையான கூத்து சாய்தளத்தில்தான். எங்கள் தெருவில் ரோடு போடும்போது பழைய தாரைச் சுரண்டும் வழக்கம் கிடையாது. ரோடு வருஷா வருஷம் வளர்கிறது, வீடுகள் குள்ளமாகின்றன. ஐப்பசி மழையில் தண்ணீர் கேட்டைக் கேட்காமலே உள்ளே வரும். "ரெண்டடி தூக்கிக் கட்டிப்போடலாமுங்க" என்றார் மேஸ்திரி. அவர் தர்மம் அவருக்கு. ஆனால் இந்தக் காரின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண்கூடக் கிடையாது. கேட்டிலிருந்து ஷெட் வாசலுக்குப் பதினோரு அடிதான். பதினோரு அடிக்குள் இரண்டடி ஏறினால், மேட்டு விளிம்பில் வயிறு தட்டி, முன்சக்கரம் ஒரு பக்கம் பின்சக்கரம் ஒரு பக்கம் என்று கார் சீசாப் பலகை மாதிரி ஆடும். உயர்த்தினால் வயிறு தட்டும், தாழ்த்தினால் தண்ணீர் வரும். இஞ்சினியர் இரண்டு முறை வந்து பார்த்து, மூன்றாவது முறை போனை எடுக்கவில்லை.

அண்ணனே இறங்கினார். பட்டறையில் ப்ளைவுட் பலகையை எடுத்து, பக்கவாட்டில் காரின் அடிவயிறு எப்படி இருக்குமோ அப்படியே வெட்டினார். மூக்கு, வயிறு, பின்பக்கம் எல்லாம் மில்லிமீட்டர் சுத்தம். சக்கரத்துக்கு என்ன செய்வது? அந்தக் கார் டயரின் விட்டம் கிட்டத்தட்ட சைக்கிள் சக்கர அளவுதான். மகளின் பழைய சைக்கிள் உயிரைக் கொடுத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளோட்டம். சாய்தளத்தில் மண்ணைக் கொட்டி மட்டம் தட்டியிருந்தார்கள். பலகைக் காரைக் கயிறு கட்டி இரண்டு பேர் இழுக்க, சித்தாள் பெண் பின்னால் தாங்கிப் பிடிக்க, மேஸ்திரி கையில் கட்டையோடு சக்கரத்துக்குப் பக்கத்திலேயே குனிந்து நடந்தார். கோனியம்மன் தேர் ராஜ வீதியில் வரும்போது முட்டுக்கட்டை போடுபவர் முகத்தில் இருக்கும் அதே பதற்றம். தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் பின்னால். அண்ணன் தரையில் காதை வைத்துப் படுத்திருந்தார். எங்கே உரசினாலும் "நிறுத்துங்க!" என்று கத்துவார். உரசிய இடத்தில் சுண்ணாம்பு வைத்து, மண்ணைச் சீவி, மறுபடியும் தேர் கிளம்பும். பதினேழாவது இழுப்பில் உரசாமல் ஏறியது. யாரோ கைதட்டினார்கள். நான்தான்.

தரை ஒரு அடி உயரத்தில் நின்றது. மீதித் தண்ணீருக்கு வாசலில் இரும்பு ஜாலி போட்ட வாய்க்கால், அதன் முடிவில் ஒரு தொட்டி, தொட்டிக்கு மோட்டார். அரை ஹெச்.பி. போதும். பம்பு ஊரில் அரை ஹெச்.பி. போட்டால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? ஒன்றரை போட்டார். அது தண்ணீரை இறைத்து நேராக என் வாசலில் கொட்டுகிறது.

உள்ளே போனால் முகம் தெரிகிற எபாக்சி தரை. ஓடாத நாளில் பேட்டரி இறங்காமலிருக்க ஒரு சார்ஜர். கேமரா. புகை வெளியேற இரண்டு எக்ஸாஸ்ட் ஃபேன். இந்த ஃபேன் விஷயத்தில் மட்டும் அக்கா வாயைத் திறந்தார். "சமையக்கட்டுல ஒண்ணு போடுங்கன்னு ஆறு வருசமாக் கேக்கறேன் தம்பி. வருசம் பூரா அதுக்குள்ள நின்னு தாளிக்கறது நானு. வண்டியா தாளிக்குது?" அண்ணன் அப்போது மும்முரமாக ஷட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவுக்கும் எலிக்கு மருந்து ஐந்து ரூபாய்ப் புகையிலைதான். ஒயரைக் கடிக்காமலிருக்கப் பானட்டைத் திறந்து நாலு மூலையிலும் செருகியிருக்கிறார். ஆயுதபூஜைக்குச் சந்தனம் பெயின்ட்டில் படக்கூடாது என்று ஷட்டர் மோட்டாருக்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினார். பூசணிக்காய் என் வீட்டு முன்னால் உடைந்தது.

கார் ஓடுகிறதா? ஓடுகிறது, ஞாயிறு காலை ஐந்தரைக்கு. எங்கள் தெருவிலிருந்து மெயின் ரோட்டுக்குள் நாலு வேகத்தடை. வேகத்தடை பத்து சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலத்தில் மெல்ல வளைந்து இருக்க வேண்டும் என்று விதி உண்டாம். எங்களுடையது எருமை படுத்திருப்பதுபோல் இருக்கும். ஒவ்வொன்றையும் குறுக்கு வாக்கில், ஒவ்வொரு சக்கரமாக, நண்டு மாதிரி கடப்பார். பிறகு ஜி.டி.நாயுடு மேம்பாலம். பத்து கிலோமீட்டர். போவார், திரும்புவார். ஐந்து லிட்டர் இன்ஜின், எட்டு சிலிண்டர், அறுபதைத் தாண்ட மாட்டார். ஆறரைக்கு ஷட்டர் மூடிவிடும். சாயந்திரங்களில் ஷெட்டுக்குள் காரில் உட்கார்ந்து போன் பேசுவார். இன்ஜின் அணைந்திருக்கும், இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருக்கும்.

மற்ற ஆறு நாளும் பட்டறைக்கு, கடைக்கு, கல்யாணத்துக்கு எல்லாம் டிவிஎஸ் எக்ஸெல்தான். அதற்கு ஷெட்டில் இடமில்லை. "ஆயில் சொட்டுமுங்க" என்கிறார்.

போன வாரம் நல்ல மழை. ராத்திரி எட்டு மணிக்கு அண்ணன் எக்ஸெல்லில் தொப்பலாக வந்தார். வண்டியை முருங்கை மரத்தடியில் நிறுத்திவிட்டு, ரிமோட்டை அமுக்கினார். ஷட்டர் ஏறியது, விளக்கு எரிந்தது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மோட்டார் உறுமியது, என் வாசல் நிரம்பியது. அண்ணன் சாய்தளத்திலேயே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நனையறீங்களே அண்ணா, உள்ள போய் நில்லுங்க" என்றேன் திண்ணையிலிருந்து.

"கால் ஈரமா இருக்குதுங்க" என்றார்.