ஒரகடத்து இரட்டையரும் ரிப்பன் மாளிகையும்

அனுப்புநர்: மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டாரங்களில் புதுக் கார் வாங்க உத்தேசித்திருக்கும் குடும்பங்கள்.

பெறுநர்: ஆணையர் அவர்கள், பெருநகர சென்னை மாநகராட்சி, ரிப்பன் மாளிகை, சென்னை – 600003.

பொருள்: சிறு எஸ்.யு.வி. – இரண்டு மாடல்கள் – ஒப்பிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தல் – மாநகராட்சியின் பங்களிப்பு – நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

சிறு எஸ்.யு.வி. என்பது ஹாட்ச்பேக்கின் நீளத்தையும் ஜீப்பின் நிமிர்வையும் ஒரே உடலில் கொண்ட வாகனம். காடு மலை ஏறுவதற்கென்று அது பிறக்கவில்லை. பெரும்பாலான மாடல்களில் எஞ்சினின் விசை முன்சக்கரங்களுக்கு மட்டுமே போகிறது. தரையிலிருந்து சற்று உயர்ந்த உட்காருமிடமும், பள்ளத்தில் இறங்கினால் அடி தட்டாத வயிறும்தான் அதன் விற்பனைச் சரக்கு.

இந்த வகையில் சென்னைக்காரர் ஒப்பிட்டுப் பார்க்க ஏற்ற ஜோடி நிஸான் மேக்னைட்டும் ரெனோ கைகரும். மேக்னைட் 2020 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது, கைகர் 2021 பிப்ரவரியில். இரண்டும் ஒரகடத்தில் 2010-இல் திறக்கப்பட்ட ஒரே தொழிற்சாலையில் உருவாகின்றன. அறிமுகக் கால விவரத்தாளின்படி மேக்னைட்டின் நீளம் 3,994 மி.மீ., கைகரின் நீளம் 3,991 மி.மீ. ஆயுத பூஜையன்று பம்பரில் சந்தனத்தைக் கொஞ்சம் தாராளமாகப் பூசினால் இந்த வித்தியாசமும் மறைந்துவிடும். வீல்பேஸ் இரண்டிலும் 2,500 மி.மீ., கிரவுண்ட் கிளியரன்ஸ் இரண்டிலும் 205 மி.மீ. எஞ்சினும் அதே 999 சி.சி., மூன்று சிலிண்டர்தான். டர்போ இல்லாவிட்டால் 72 பி.எஸ்., இருந்தால் 100 பி.எஸ். ஒரே தறியில் நெய்த இரண்டு பட்டுப்புடவைகள், முந்தானை மட்டும் வேறு. உருப்படியான வித்தியாசம் டிக்கியில் இருக்கிறது: மேக்னைட்டில் 336 லிட்டர், கைகரில் 405. ஆடித் தள்ளுபடிக்குப் பாண்டி பஜார் போகும் குடும்பம் இதை அலட்சியம் செய்வதற்கில்லை.

இரண்டு நிறுவனங்களும் நான்கு மீட்டருக்குச் சில மில்லிமீட்டர் முன்னால் நின்றுகொண்டது அழகுணர்ச்சியால் அல்ல. 2006-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் ப. சிதம்பரம் சிறு கார்களுக்குக் கலால் வரியைக் குறைத்தபோது, சிறு கார் என்றால் 4,000 மி.மீ.-க்கு மிகாத நீளம், பெட்ரோலில் 1,200 சி.சி., டீசலில் 1,500 சி.சி. என்று வரம்பு கட்டினார். ஜி.எஸ்.டி. வந்த பிறகும் அந்த வரம்பு நிலைத்தது. 2025 செப்டம்பர் 22 முதல் வரம்புக்குள் அடங்கும் காருக்கு 18 சதவீதம், அடங்காததற்கு 40 சதவீதம். மாருதி பிரெஸ்ஸா நீளத்தில் 3,995 மி.மீ. என்று ஒழுங்காக அடங்கியும், 1,462 சி.சி. பெட்ரோல் எஞ்சினால் 40 சதவீதத்தில் மாட்டிக்கொண்டது. காரின் பின்புறம் ஏன் கத்தியால் வெட்டியதுபோல் சட்டென்று முடிகிறது என்று கேட்பவருக்கு டிசைனரைவிட வரி ஆலோசகர் நல்ல விளக்கம் தருவார்.

நீளத்தை டெல்லி நிர்ணயித்தது. உயரத்தை நிர்ணயித்த பெருமை மாநகராட்சியைச் சேரும். ஷோரூம்கள் இதை எங்கும் ஒப்புக்கொள்வதில்லை என்பதால்தான் இக்கடிதம் தேவைப்படுகிறது.

வேகத்தடை எப்படி இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வரையறுத்திருக்கிறது: 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் வளைவு. இந்த அளவுக்குச் சாதாரண செடானே போதும். 205 மி.மீ. என்பது அதைப் போல இரு மடங்கு. மீதிப் பாதி உள்ளூர்க் கற்பனைக்கு ஒதுக்கப்பட்டது: ஒரே இரவில் முளைத்து, வெள்ளைக்கோடு பூசப்படாமல், பைக்காரர்கள் ஓரமாகச் சுற்றிப்போய்ச் சுற்றிப்போய்ப் பாதை கண்ட தார்க்குவியல்கள். வாங்குபவர் மேக்னைட்டை எடுத்தாலும் கைகரை எடுத்தாலும் இக்கற்பனையைச் சரிசமமாக அனுபவிக்கலாம்.

இதைவிட ஆழமான பணி சாலையின் உயரம். பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டே புது அடுக்கு போட வேண்டும் என்று அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு 2021-இல் சுற்றறிக்கை அனுப்பினார். அதற்குள் பல தெருக்கள் அடுக்கு மேல் அடுக்காக வளர்ந்து முடித்திருந்தன. மயிலாப்பூரின் பழைய தெருக்களில் ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன திண்ணை வீட்டுக்கு இன்று ஒரு படி இறங்கிப் போக வேண்டும். கார் நுழைகிற இடத்தில் வீட்டுக்காரர் செலவில் ஒரு சிமென்ட் சரிவு. அந்தச் சரிவின் முதுகில்தான் காரின் அடி தட்டுகிறது. முன்சக்கரம் இறங்கிய கையோடு நடுவயிறு கர்ரென்று உரசும். ஓட்டுபவர் பல்லைக் கடித்துக்கொள்வார். பின்சீட்டிலிருக்கும் பாட்டி வழக்கம்போல் கதவைத் திறந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். வண்டி இரண்டு விரற்கடை எழும்பி உள்ளே போகும்.

இந்த நடைமுறைக்குச் சட்ட அங்கீகாரமும் உண்டு. பெரிய எஸ்.யு.வி.களுக்கு மேல்வரி போட 170 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸை ஒரு அளவுகோலாக வைத்திருந்த ஜி.எஸ்.டி. மன்றம், 2023 ஜூலையில் கூடி, அதைப் பாரம் ஏற்றாத காரில்தான் அளக்க வேண்டும் என்று தெளிவுபடுத்தியது. பாட்டி இறங்கியதும் கார் மன்றம் சொன்ன நிலைக்கு வந்துவிடுகிறது.

மழைக்காலத்தில் ஒப்பீடு வேறு தளத்துக்குப் போகிறது. தியாகராய நகரையும் மேற்கு மாம்பலத்தையும் இணைக்கும் துரைசாமி சுரங்கப்பாதையும், பக்கத்திலேயே மேட்லி சுரங்கப்பாதையும் கனமழைக்கு மூடப்பட்டுப் பழகியவை. இங்கே வாங்குபவர்கள் செய்யும் பிழை, 205 மி.மீ.-ஐ நீச்சல் சான்றிதழாக எடுத்துக்கொள்வது. வயிறு நனையாமல் இருப்பது வேறு, எஞ்சின் மூச்சுவிடுவது வேறு. காற்று இழுக்கும் குழாய் வழியே தண்ணீர் சிலிண்டருக்குள் போனால், அழுத்த முடியாத தண்ணீரைப் பிஸ்டன் அழுத்தப் பார்த்துக் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்வதுதான் பெரும்பாலும் இந்தச் சேதத்தை உண்டாக்குகிறது. எஞ்சின் பாதுகாப்புக்கென்று தனி இணைப்பு எடுக்காத சாதாரண பாலிசி இதற்குப் பொதுவாகக் கைகொடுக்காது. 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது சென்னை கற்றுக்கொண்ட பாடங்களில் இதுவும் ஒன்று. இன்னொரு பாடம் 2023 மிக்ஜாம் புயலிலும் 2024 அக்டோபர் கனமழை எச்சரிக்கையின்போதும் வெளிப்பட்டது: வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் கார்கள் வரிசையாக ஏறி நின்றன. நான்கு மீட்டருக்குட்பட்ட காருக்கு அங்கே சாதகம் அதிகம். ஒரே நீளப் பாலத்தில் கூடுதல் குடும்பங்கள் பிழைக்கும்.

பாதுகாப்பு நட்சத்திரங்களையும் ஒப்பிடுவது வழக்கம். 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள பாரத் என்கேப் சோதனையில் கார் மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் தடுப்பின் மீது மோதவிடப்படுகிறது. உஸ்மான் சாலையில் அந்த வேகத்தை எட்ட தீபாவளிக்கு மறுநாள் விடியற்காலையை விட்டால் வேறு வாய்ப்பில்லை. ஆகவே அந்த அத்தியாயத்தை இங்கே நீட்ட அவசியமில்லை; ஈ.சி.ஆர். பக்கம் போகிறவர்கள் கட்டாயம் பார்த்துக்கொள்ளட்டும்.

நிறுத்துமிடத்தில் இரட்டையர் இருவரும் தேறிவிடுவர். தமிழ்நாட்டுக் கட்டட விதிகள் ஒரு காருக்கு 2.5 மீட்டருக்கு 5 மீட்டர் இடம் கேட்கின்றன. விதி வருவதற்கு முன் எழுந்த அடுக்ககங்களில் தூணுக்கும் தூணுக்கும் நடுவில் உள்ளதுதான் இடம். அகலம் மேக்னைட்டுக்கு 1,758 மி.மீ., கைகருக்கு 1,750 மி.மீ. அந்த 8 மி.மீ.-இல் எந்த ஓட்டுநராலும் வெளியே இறங்க முடியாது. லஸ், மந்தைவெளிப் பகுதிகளில் மெட்ரோ தடுப்புகள் நிற்கும்வரை, தெருவோரம் நிறுத்துவது பற்றிய ஒப்பீடு ஒத்திவைக்கப்படுகிறது. பங்குனிப் பெருவிழாவில் மாட வீதிகளில் கபாலீசுவரரின் தேருக்கே முன்னுரிமை. அதன் நீளத்துக்கு யாரும் வரி கேட்டதில்லை.

கடைசியாக ஆன்ரோடு விலை. 2023 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு வாழ்நாள் வரி 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டி 20 லட்சம் வரை 18 சதவீதம். 9,99,000 ரூபாய்க் காருக்கு வரி 1,29,870 ரூபாய். 10,01,000 ரூபாய்க் காருக்கு 1,80,180. இரண்டாயிரம் ரூபாய் அதிகமுள்ள வேரியன்டுக்கு ஐம்பதாயிரம் ரூபாய் கூடுதல் வரி. சன்ரூஃப் வேண்டுமா என்று குடும்பத்தில் நடக்கும் விவாதம் இந்தக் கணக்கைப் போட்டதும் அடங்கிவிடும்.

மேற்கண்டவற்றைக் கருத்தில் கொண்டு மாநகராட்சியிடம் பணிவுடன் வேண்டப்படுவது: காருக்குப் போலவே சாலைக்கும் விவரத்தாள் வெளியிட வேண்டும். ஒவ்வொரு தெருவின் முகப்பிலும் வேகத்தடைகளின் உயரம், கடைசியாக ஏறிய தார் அடுக்கின் கனம், ஒரு மணி நேர மழைக்குத் தேங்கும் நீரின் ஆழம் ஆகியவை மில்லிமீட்டரில் எழுதப்பட வேண்டும். டெஸ்ட் டிரைவ் ஷோரூம் வாசலில் அல்லாமல், ஐப்பசி மாதத்தில், துரைசாமி சுரங்கப்பாதை வழியாக, பின்சீட்டில் பாட்டியுடன் நடத்தப்பட ஆவன செய்யப்பட வேண்டும்.

நகல்:
1. ஜி.எஸ்.டி. மன்றம், புதுடெல்லி – நீளம் தொடர்பாக.
2. போக்குவரத்துத் துறை, சென்னை – இரண்டாயிரம் ரூபாய் தொடர்பாக.
3. ஒரகடம் தொழிற்சாலை – தகவலுக்காக. 205-ஐக் குறைக்கும் உத்தேசம் இருந்தால் மாநகராட்சியின் முன் அனுமதி பெறவும்.