பாக்கெட்டுக்குள் ஒரு பஞ்சாயத்து
அமெரிக்காவில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 என்றொரு குட்டி ரிவால்வர். ஐந்தே குண்டு; எடை அரைக் கிலோகூட இல்லை. பேன்ட் பாக்கெட்டில் ஒளித்துக்கொள்ளத்தான் வாங்குகிறார்கள். சுட்டால் உள்ளங்கை எரிகிறதாம்; ஆகவே தடித்த ரப்பர் பிடி. பிடி பருத்ததும் பாக்கெட் புடைக்கிறது, உருவும்போது ரப்பர் துணியைக் கவ்விக்கொள்கிறது. சரி, வழவழப்பான சின்ன மரப்பிடி? சுண்டுவிரலுக்கு இடமில்லை, அது அந்தரத்தில் தொங்குகிறது.

பிறகு உறை. டிரிக்கரை மூட வேண்டும், வெளியிலிருந்து பார்த்தால் பர்ஸாகத் தெரிய வேண்டும், உருவினால் உறை மட்டும் பாக்கெட்டிலேயே தங்க வேண்டும். மட்டமான உறையோ மாப்பிள்ளைத் தோழன் மாதிரி கூடவே கிளம்பி வந்துவிடும். திருடன் பொறுமைசாலியாக வாய்த்தால் பிழைத்தோம்.

இத்தனையும் கைகூடினாலும் அந்தப் பாக்கெட்டில் சாவி, சில்லறை எதுவும் போடக்கூடாது. துப்பாக்கி வாங்கப் போகிறவர்கள் முதலில் பேன்ட்டில் எத்தனை பாக்கெட் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.